எட்டாம் நம்பர் துண்டு

மகன் கார் வாங்கியிருக்கிறான். வண்டி எண்ணைக் கூட்டினால் எட்டு வருகிறதாம். வேறு எண் கேட்டு அலைகிறான். பொறியியல் படித்தவன். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. திட்ட வாயெடுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. அதற்குக் காரணம் என் அப்பா.

நான் எதையும் எண்ணாமல் இருக்க மாட்டேன். ஜன்னல் கம்பி, மாத்திரை, எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி, எல்லாம் எண்ணியாக வேண்டும். வேலை பார்த்தது இயற்பியல் ஆசிரியராக. அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண் போடமாட்டேன். வெறும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது என்பேன்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த பண்ணை நிலத்தை எங்கள் தெருவுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதுவரை நாங்கள் கூலிக்காரர்கள். சீட்டுக் குலுக்கியதில் அப்பாவுக்கு எட்டாம் நம்பர் துண்டு விழுந்தது. வாய்க்கால் தலைப்பு; தண்ணீர் முதலில் பாயும் இடம். அந்தப் போகமே நடவு முடிக்காவிட்டால் நிலம் கொடுத்தது ரத்து என்று தாசில்தார் சொல்லியிருந்தார்.

அம்மா அதில் கால் வைக்கமாட்டேன் என்றாள்.

"எட்டு சனியோட எண்ணு. எனக்கு வேணாம்."

அப்பா கறுப்புச் சட்டைக்காரர். ராகு காலம் பார்த்து, அது தொடங்கிய பிறகே ஏர் பூட்டுகிறவர். டீக்கடையில் நாள் நட்சத்திரம் பேசுகிறவர்களை அழ வைப்பார். "வீட்டுக்குள்ளயே ஒரு ஜோசியக்காரி இருக்கா பாரு" என்று என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் படித்தவனாயிற்றே, தொடங்கினேன். சூரியனிலிருந்து எண்ணினால் சனி ஆறாவது கிரகம், எட்டாவது நெப்டியூன். நாம் மூச்சுவிடும் ஆக்சிஜனின் அணு எண்ணே எட்டு. சதுரங்கப் பலகையில் எட்டுக்கு எட்டு கட்டம்.

அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "அந்த ஆக்சிஜனா வந்து வரப்புல நிக்கப்போவுது?"

"பின்ன யாரு நிப்பா?" என்றேன்.

களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகுதான் சொன்னாள்.

எட்டாம் துண்டின் வரப்பு பண்ணையின் மாட்டுக்கொட்டகையில் போய் முடிகிறது. கூலிப் போராட்டத்தின்போது என் தாய்மாமனை அந்தக் கொட்டகைத் தூணில்தான் கட்டிவைத்து அடித்தார்கள். அடிக்கச் சொன்ன, பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர் இன்னும் தினமும் அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"தெனம் அந்த மூஞ்சியில முழிச்சிக்கிட்டு என்னால நாத்து நட முடியாது."

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றார் அப்பா.

"எங்க சொல்றது? அண்ணன் குடிசை இன்னும் அவங்க மனையிலதான் இருக்கு. காதுல விழுந்தா மறுநாளே பிரிச்சுப் போட்ருவான். எண்ணைச் சொன்னா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க."

அப்பா அன்று டீக்கடைக்குப் போகவில்லை.

ஐந்தாம் துண்டு விழுந்த பக்கத்து வீட்டுக்காரர் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். ஐந்து கடைமடை, அவருக்கு லாபம்தான். ஆனால் மாற்றுவதற்குத் தாசில்தாரிடம் காரணம் சொல்ல வேண்டும். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஊரே கூடியிருந்தது. தாசில்தாருக்குப் பக்கத்து நாற்காலியில் காரியக்காரர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மாமன் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார்.

"நல்ல துண்டாச்சே. ஏன்ப்பா மாத்துற?" என்றார் தாசில்தார்.

அப்பா கறுப்புச் சட்டையோடுதான் வந்திருந்தார். தொண்டையைச் செருமினார்.

"எட்டு எங்க குடும்பத்துக்கு ஆகாதுங்க அய்யா."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு கிளம்பிய சிரிப்பு ஓயவே இல்லை. காரியக்காரருக்கு வெற்றிலை புரையேறியது.

"ராகு காலத்துல ஏர் பூட்டுற ஆளு நீ. ஒன்னையும் சனி புடிச்சிருச்சா?" என்றார் இருமிக்கொண்டே.

"வயசாவுதுல்லீங்க" என்றார் அப்பா.

அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு. காரியக்காரரின் முகத்துக்கு நேரே உண்மையைக் கத்திவிட வேண்டும் என்று ஓர் அடி முன்னால் வைத்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கி நடந்தார்.

ஐந்தாம் துண்டுக்குத் தண்ணீர் எல்லோருக்கும் கடைசியாகத்தான் வந்தது. ஆனாலும் அந்தப் போகமே நடவு முடிந்தது. முதல் நாற்று முடியை அம்மா பிரித்து நட்டாள். மாமன் குடிசையை யாரும் தொடவில்லை.

டீக்கடையில் அதன் பிறகு அப்பாவுக்கு எட்டு என்றே பெயர். "எட்டு வர்றாரு, தள்ளி உக்காருங்கடா" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே உட்காருவார். மாமன் மட்டும் அப்போதெல்லாம் தன் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருப்பார்.