துரைக்கு நான் சொன்ன வேறு பெயர்

எங்கள் நாயைக் கொன்றது காட்டுப்பன்றி என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இத்தனை வருஷமாக நானும் மறுத்துச் சொன்னதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு எட்டு வயது. அப்பா தருமபுரி தாலுக்கா கச்சேரியில் குமாஸ்தா. எங்களுக்கும் பெரியப்பா குடும்பத்துக்கும் ஒரே வாசல். நாய் நல்ல வெளுத்த நிறம். அதனால் துரை என்று பெயர் வைத்திருந்தேன். வெள்ளைக்காரன் சம்பளத்தில் சாப்பிடுகிற அப்பாவுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பயம். வெளியாள் காதில் விழாமல் கூப்பிடு என்பார். துரை என்று நான் ஒருமுறை கூப்பிட்டால் போதும், வாயில் கவ்வியிருப்பது எலும்பானாலும் போட்டுவிட்டு என்னிடம் ஓடி வரும்.

பெரியம்மாவின் மூன்றாவது கோழியும் துரையின் வாயில் போன அன்று பெரியப்பா அப்பாவிடம் சொன்னார்: "நாயை எங்கியாச்சும் தொலைச்சுடு. இல்லன்னா நானே அடிச்சுப் போட்டுடுவேன்." அவர் சொன்னால் செய்கிறவர்.

வத்தல்மலையிலிருந்து ஒருவர் சாமையும் சீயக்காயும் சுமந்து சந்தைக்கு வருவார். வழியில் எங்கள் வீட்டில் மோர் வாங்கிக் குடிப்பார். பன்றிகள் பயிரை அழிக்கின்றன, காவலுக்கு ஒரு நாய் இருந்தால் தேவலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அவர் கையில் கயிற்றைக் கொடுத்தார். அவர் குனிந்து என்னைக் கேட்டார்:

"பேரு என்னங்க தம்பி?"

"மணி" என்றேன்.

அப்பா என் தலையைத் தடவினார். பையனுக்கு விவரம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். எனக்கு அந்த விவரமெல்லாம் கிடையாது. நாயைக் கொடுக்க ஒருவாறு மனம் இசைந்திருந்தது. ஆனால் துரை என்று இன்னொருவர் கூப்பிட்டு, அது அவரிடம் ஓடுவதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

அடுத்த சந்தை நாளில் அவர் சுமையை இறக்கியதும் சொன்னார்: "நல்ல நாயிங்க சாமி. காதுதான் மந்தம். மணி, மணின்னு தொண்டை கிழியக் கத்துறேன், எவனையோ கூப்புடறான்னு படுத்துக் கெடக்குது. எம் பொண்ணு கிட்டப் போயிக் கஞ்சிச் சட்டியத் தட்டுனாத்தான் திரும்புது."

"கச்சேரிக்காரன் வூட்டு நாய். மனுப் போட்டாத்தான் எந்திரிக்கும்" என்றார் பெரியப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். "புது எடம், பழகிடும்" என்று சொல்லிவிட்டு அப்பா பேச்சை மாற்றினார். அப்போதாவது நான் உண்மையான பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாய் என்னை மறக்கவில்லை என்பதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அதற்கடுத்த சந்தைக்கு அவர் சுமை இல்லாமல் வந்தார். சாமைக் காட்டில் பட்டப்பகலில் பன்றி புகுந்ததாம். நாய் துரத்திக்கொண்டு போயிருக்கிறது. பன்றி திரும்பி நிற்பதை மேட்டிலிருந்து பார்த்துவிட்டு அவரும் மகளும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"வந்துடு மணி, வந்துடுன்னு எம் பொண்ணு அழுதுகிட்டே கூப்பிட்டாளுங்க. செவிட்டு நாயிக்கு எப்புடிங்க கேக்கும்? வயித்தக் கிழிச்சுட்டுது."

பிறகு அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்பாவை அல்ல, என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தம்பி ஆசையா வளத்ததுங்க. எங்களால காப்பாத்த முடியல. மனசுல வெச்சுக்காதீங்க."

எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. கூப்பிட்டும் நாய் ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கும் அது செத்ததற்கும் முடிச்சுப் போடத்தான் அந்த வயதில் தெரியவில்லை. பெரிய மனது பண்ணி மன்னிக்கிறவனைப் போல, சரி என்று தலையாட்டினேன்.