இரண்டாம் முறை வந்த கொக்கிப்புழு

நாற்று நடும்போது ஒரு வரிசை முடியுமுன்னே எனக்கு மூச்சு வாங்கியது. அறுபதுகளின் கடைசி அது. திருப்பாச்சூரை அடுத்த எங்கள் ஊரில் நடவுக்குப் போகும் பெண்களுக்கு இது புதிதல்ல. என் ஓரகத்தி மங்கைக்கும் முகம் வெளுத்து, கால் வீங்கியிருக்கும். இருவரும் பச்சரிசியை ஒளித்துத் தின்போம். அதை நோய் என்று யாரும் எண்ணவில்லை.

வரப்பில் மயங்கி விழுந்த பிறகுதான் என்னை வண்டி கட்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். மங்கையையும் கூப்பிட்டேன். "நீ போய்க்கினு வாக்கா, நடவு முடியட்டும்" என்றாள்.

டாக்டரம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். இரத்த சோகை (இரத்தத்தில் சிவப்பணு குறைவது). காரணம் கொக்கிப்புழு (குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் சிறு புழு). மருந்தில் தேறினேன். அறுவடைக்குள் மறுபடி முகம் வெளுத்து மூச்சு வாங்கியது; டாக்டரம்மாவிடமே திரும்பப் போனேன்.

"மாத்திரையெல்லாம் முழுங்கினியா?"

"ஒண்ணு உடாம முழுங்கினேம்மா."

"வெளிக்கு எங்க போற?"

"ஏரிக்கரைக்குத்தான். ஊரே அங்கதான் போவுது."

மலத்தோடு விழும் முட்டை அந்த ஈர மண்ணில் பொரிந்து, புழுவின் குஞ்சு வெறுங்கால் வழியாக ஏறுகிறது என்றார். "நான் மருந்து குடுத்துகிட்டே இருப்பேன். நீ அதே மண்ணுல நடந்துகிட்டே இருப்பே."

கக்கூஸ் கட்ட, குழிமேல் பதிக்கும் சிமெண்ட் பலகை தருவதாக ஒன்றியத்தின் கிராம சேவிகை இருமுறை வந்திருந்தார். ஊரை அழகுபடுத்தும் வேலை என்று நினைத்து அனுப்பிவிட்டோம். என் சிகிச்சையின் மறுபாதி அதுதான் என்று அப்போது தெரியாது.

வீட்டில் சொன்னேன். "சோறு துன்ற ஊட்டாண்ட கக்கூசா? இன்னா பேச்சு இது!" என்றார் மாமனார்.

அந்தக் கோடையில், கடைசிவரை மருந்துக்கு வராமலே இருந்துவிட்ட மங்கை பிரசவத்தில் இறந்தாள். குழந்தையும் தங்கவில்லை. உதிரப்போக்கு பெரிதில்லை, அதைத் தாங்கவும் உடம்பில் இரத்தம் இல்லை என்றார் டாக்டரம்மா.

காரியம் முடிந்த மறுநாள் மாமனார் கடப்பாரையோடு கொல்லைக்குப் போனார். குழி இடுப்பளவு ஆன பிறகு, "அந்த சேவிகை அம்மாவ வரச் சொல்லு" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

ஒரு வீட்டில் மட்டும் கக்கூஸ் கட்டினால் போதாது. எல்லோரும் நடப்பது அதே கரைதான். சேவிகையோடு நானும் வீடு வீடாகப் போனேன். சிலர் கட்டினார்கள். சிலர் கட்டி, உள்ளே விறகு அடுக்கினார்கள். பாதி ஊர் சேர மூன்று மழைக்காலம் ஆயிற்று. அதற்குள் இன்னொரு முறை புழு மருந்து குடித்தேன்.

உங்களுக்கும் நோய் திரும்பி வந்தால், மருந்தைக் குறை சொல்லுமுன் நடக்கும் மண்ணைப் பாருங்கள்.

முன்பெல்லாம் உச்சிப்பொழுதோடு எனக்கு நாள் முடிந்துவிடும். மீதியைச் சுவரில் சாய்ந்து கழிப்பேன். புழு விட்ட பிறகு, வேலை முடிந்து நிமிர்ந்தால் வெயில் இன்னும் இருக்கும். அந்தப் பொழுதை என்ன செய்வதென்று முதலில் தெரியவில்லை. மங்கைக்கும் இது கிடைத்திருக்க வேண்டும் என்று தோன்றும். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உட்காருவேன்.