நம்பர் வந்தது யாருக்கு?

"புதுச் சாமான் ஒன்று வீட்டுக்குள் வந்தால் முதல் ஒரு வாரம்..." என்று ஆரம்பித்து என் பெரியப்பா ஏதோ சொல்வார். அந்த ஒரு வாரம் நாம் அதைச் சோதிக்க வேண்டும் என்றாரா, அது நம்மைச் சோதிக்கும் என்றாரா என்பது மறந்துவிட்டது. கல்யாண போட்டோ எடுக்கிறவனுக்கு இது சின்ன மறதி இல்லை. நம் தொழிலில் தாலி ஒரு தடவைதான் கட்டுவார்கள்.

மஸ்கட்டில் பதினெட்டு வருஷம் போட்டோ லேபில் இருந்துவிட்டு, நாலு வருஷத்துக்கு முன் மும்பை செம்பூருக்குத் திரும்பி வந்து சின்னதாக ஒரு ஸ்டுடியோ போட்டேன். கூடவே வந்த பழைய கேமராவில் ஆட்டோஃபோகஸ் செத்துப் பல காலம். லென்ஸைக் கையால் திருப்பித்தான் எடுப்பேன். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. போன வருஷம் முலுண்டு ராமநாதன் சாரின் மூத்த பெண் கல்யாணத்தில், தாலி கட்டுகிற படம் மட்டும் மசமசவென்று விழுந்துவிட்டது. ஹோமப் புகை என்று சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன். அவரும் நம்பி, இரண்டாவது பெண்ணின் கல்யாணத்தையும் எனக்கே கொடுத்தார். மாட்டுங்காவில், வருகிற ஞாயிற்றுக்கிழமை. ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்: இந்தத் தடவையாவது தாலி கட்டுவது தெரிய வேண்டும். அதற்காகவே பழையதைக் கைகழுவிவிட்டுப் புது டிஎஸ்எல்ஆர் வாங்கினேன்.

கேமரா மாற்றி அவஸ்தைப்பட்ட சக தோழர்களே, அந்த வாரத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மூச்சு விடும் நேரம்

முதல் வேலை தாராவியில். தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிற செல்லத்துரைக்குத் திருநெல்வேலிப் பக்கம். பட்டறை வாசலில் குடும்பத்தோடு ஒரு படம் வேண்டும் என்றார். மனைவி, இரண்டு மகள்கள், மைத்துனன் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். நான் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்து, போதும் என்றேன். ஒருவரும் அசையவில்லை. சிரிப்பு அப்படியே உறைந்திருக்கிறது. சின்ன மகளுக்கு முகம் சிவந்துவிட்டது.

பிறகுதான் உறைத்தது. எங்கேயோ என் கை பட்டு கேமரா மௌன விரதத்துக்குப் போயிருக்கிறது. எடுத்த படங்களைத் திரையில் காட்டினேன். செல்லத்துரை பார்த்தார். பார்த்தும் சமாதானம் ஆகவில்லை.

"படம் விழுந்திருக்கு, சரி. டிக்குன்னு சத்தம் வரலன்னா மூச்ச எப்ப விடணும்னு எங்களுக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்?"

சர்க்கார் பாஷை

சத்தத்தைத் தேடிப் போய் எதையோ அமுக்கினேன். சத்தம் வரவில்லை, இந்தி வந்தது. மெனு முழுவதும் இந்தி. நான் ஏழாவது வரை முனிசிபல் பள்ளியில் தமிழில் படித்தவன், பிறகு இங்கிலீஷில். என் இந்தி லோக்கல் ட்ரெயினில் படித்தது. அதை வைத்து சீட் பிடிக்கலாம், வாய்ச்சண்டை போடலாம். 'ஸ்வேத் சந்துலன்' என்றால் ஒயிட் பேலன்ஸ் என்று கண்டுபிடிக்க முடியாது.

பக்கத்து ஜெராக்ஸ் கடை ஷிண்டேயிடம் எடுத்துக்கொண்டு போனேன். மராத்திக்காரர், இந்தியில் தினமும் பேப்பர் வாசிப்பவர். கேமராவை வாங்கி, கோர்ட்டில் வாசிப்பதுபோல ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்தார். அவருக்கும் எனக்கும் சேர்ந்து புரிந்த ஒரே சொல் 'ரீசெட்'. அதை அமுக்கினார். இங்கிலீஷும் வந்தது, சத்தமும் வந்தது. திருப்பிக் கொடுக்கும்போது, இது இந்தியே இல்லை என்று கையை விரித்தார்:

"அண்ணா, யே ஹிந்தி நஹி ஹை, சர்க்காரி நோட்டீஸ் ஹை."

விசிட்டிங் கார்டு

இதெல்லாம் சில்லறைக் குழப்பம். பெரிய குழப்பம் வேறு. கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரத்தில் ஊரே பனிமூட்டமாக இருந்தது. பழைய கேமராவிலும் கொஞ்ச நாளாக மங்கல்தான். மும்பை மழையில் பூஞ்சை பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். பெட்டியைப் பிரித்த வாரமே புதுக் கேமராவிலும் பூஞ்சையா? ஆட்டோஃபோகஸ் தன் பாட்டுக்கு 'பீப்' என்கிறது. எதைப் பார்த்து பீப் என்கிறது என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து லலிதா டீச்சர் விசா போட்டோவுக்கு வந்தார். பாலக்காட்டுக்காரர், ரிட்டயர் ஆனவர், இன்னமும் எல்லோரையும் மாணவனாகப் பார்ப்பவர். ஆறு தடவை எடுத்தேன். ஆறு தடவையும் நாற்காலியில் ஒரு மங்கலான டீச்சர்தான் தெரிந்தார். எடுத்த படத்தையாவது பார்ப்போம் என்று கேமராவைக் கை நீளும் மட்டும் நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தேன். டீச்சர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். படம் பளிச்சென்று இருக்கிறது என்றார். பிறகு கேமராவைப் பார்க்காமல் என்னையே பார்த்து, "உங்க நம்பர் என்ன?" என்று கேட்டார்.

நான் மேஜை டிராயரைத் திறந்து, என் மொபைல் நம்பர் அச்சடித்த கார்டை மரியாதையாக இரண்டு கையாலும் கொடுத்தேன். டீச்சர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதைக் கேக்கலை. சரி, இதுவும் இருக்கட்டும்."

வாஷியில்

வியாழக்கிழமை கேமராவைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு, வாஷியில் அதை வாங்கிய கடைக்குப் போனேன். அங்கே பக்கத்துச் சான்பாடாவிலிருந்து வேலைக்கு வரும் காவ்யா என்ற பெண் இருந்தாள். கனமான கண்ணாடி போட்டிருந்தாள். துவாரம் மங்கல், மாற்றிக் கொடுங்கள் என்றேன். வாங்கிப் பார்த்தாள். துவாரத்துக்குப் பக்கத்தில், இருப்பதே தெரியாத ஒரு சின்னச் சக்கரத்தை நகத்தால் உருட்டிவிட்டு என் கையில் கொடுத்தாள். இன்னும் மங்கல். நீங்களே உருட்டிப் பாருங்கள் என்றாள். உருட்டினேன். பனி விலகி, எதிர்க் கடையின் போர்டு எழுத்து எழுத்தாக எழுந்து வந்தது.

"நம்பர் வந்திருக்கு, அங்கிள்" என்றாள். நான் கேமராவைக் கவிழ்த்து அடியில் இருக்கிற சீரியல் நம்பரைப் படிக்கப் பார்த்தேன். படிக்க முடியவில்லை. கையை நீட்டிப் பார்த்தேன், அப்போதும் முடியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே தன் மூக்குக்கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள்.

"கேமராவுக்கு இல்ல அங்கிள். உங்க கண்ணுக்கு நம்பர் வந்திருக்கு."

புகை

கண்ணாடியின் பவரை இந்த ஊரில் நம்பர் என்பார்கள். மஸ்கட்டில் இருந்த பதினெட்டு வருஷத்தில் அதை மறந்திருக்கிறேன். அந்தச் சின்னச் சக்கரம், பார்க்கிறவர் பவருக்கு ஏற்றபடி துவாரத்தைச் சரிசெய்யத்தான். டீச்சர் கேட்டது திரும்புகிற ட்ரெயினில் விளங்கியது. மான்குர்த் ஸ்டேஷன் வருவதற்குள் இன்னொன்றும் விளங்கிவிட்டது. பழைய கேமராவில் கையால்தான் ஃபோகஸ் செய்தேன். கையை நடத்தியது கண். அப்படியானால் போன வருஷக் கல்யாணத்தில் தாலிப் படத்தைக் கெடுத்தது புகை இல்லை.

செம்பூரில் இறங்கியதும் ஒரு கண்ணாடிக் கடையில் கண்ணைக் காட்டிவிட்டு, நேரே முலுண்டுக்குப் போனேன். ராமநாதன் சார் பத்திரிகை வைக்க இன்னும் மிச்சமிருந்த வீடுகளைக் குறித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஆள் பார்த்துத் தரட்டுமா என்றும் கேட்டேன். அவர் மூத்த பெண்ணின் ஆல்பத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து மாமி கொண்டுவந்த காப்பி ஆறிப்போயிற்று.

"உங்களை மாத்த வேண்டாம், முருகேசன். ஆனா ஹோமத்துல நெய்யைக் கொட்டிப் புகையைக் கிளப்பிட்டார்னு, கல்யாணம் பண்ணிவெச்ச வாத்தியாரையே நாங்க மாத்திட்டோமே. இருபத்தஞ்சு வருஷமா ஆத்துக்கு வந்துண்டிருந்தவர், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை."

கண்ணாடி சனிக்கிழமை காலை கிடைத்ததும் அதைப் போட்டுக்கொண்டு, அந்த ஆல்பத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, மாட்டுங்காவில் இருக்கிற அந்தப் பழைய வாத்தியார் வீட்டுக்கு முதலில் போவது என்று முடிவு செய்தேன்.