பூக்காரம்மாவுக்குப் பின்னால் நின்றவர்

என் அக்காவைக் கட்டிய கொளஞ்சி மாமாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கல்யாணப் படம் எடுக்கிற ஸ்டூடியோ வைத்திருக்கிறார். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் கிளம்பிவிடுவார். வண்டி ஓட்ட நான். தெருவில் யாரையும் "இங்க பாருங்க, சிரிங்க" என்று கெஞ்ச வேண்டியதில்லை, அதுதான் அவருக்குப் பிடித்தது.

ஆனால் கல்யாணப் பழக்கம் விடவில்லை. பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் சாம்பார் வாளியும் பல் குத்தும் பெரியப்பாவும் தெரிந்தால் ஆல்பம் கெட்டுப்போகும். அதனால் லென்ஸை முழுசாகத் திறந்து, முன்னால் இருப்பவர்களை மட்டும் தெளிவாக வைத்து, பின்னால் இருப்பதையெல்லாம் கரைத்துவிடுவார். சிதம்பரம் கீழவீதியில் பூக்கட்டும் அம்மாவையும் அப்படித்தான் எடுத்தார். விரல், நார், மொட்டு எல்லாம் துல்லியம். பின்னாலிருந்த டீக்கடை வெறும் வண்ணம். ஃபேஸ்புக்கில் லைக் குவிந்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் சேத்தியாத்தோப்பிலிருந்து வெண்மதி என்ற பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். செல்லில் அந்தப் படத்தை நீட்டினாள்.

"பின்னாடி டீ கிளாஸோட நிக்கிறது எங்கண்ணன் ராஜவேலு மாதிரியே இருக்குண்ணே. அப்பாவோட சண்ட போட்டுட்டுப் போனவன், வருஷக்கணக்கா தகவல் இல்ல. இதப் பாத்த பொறவுதான் அம்மா ஒழுங்கா சோறு திங்கிறாங்க. கொஞ்சம் தெளிவாக்கிக் குடுங்க."

இடது கையில் கிளாஸ், ஒரு பக்கம் சாய்ந்த தோள். அவ்வளவுதான் தெரிந்தது. மாமா கம்ப்யூட்டரில் பெரிதாக்கப் பெரிதாக்க அந்த ஆள் கட்டம் கட்டமாக உதிர்ந்தார். அன்று அங்கே அடுத்தடுத்து எடுத்த படங்களிலும் அதே கதைதான்.

"இதுக்கு மேல வராதும்மா" என்றார் மாமா.

அன்றிலிருந்து மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை நாளிலும் சிதம்பரம். டீக்கடைக்காரரைக் கேட்டால், "வர்றவன் போறவன்லாம் எனக்கு எப்புடிங்க தெரியும்?" என்றார். மங்கலம்பேட்டைக் கல்யாணம் ஒன்றில் மாமா லென்ஸைச் சுருக்கி, கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே தெளிவாக விழும்படி எடுத்துத் தொலைத்தார். ஆல்பத்தைப் பார்த்த மாப்பிள்ளையின் சித்தப்பா கத்தினார்: "பொண்ணு மாப்ளய எடுக்கச் சொன்னா, பந்தியில குந்தியிருக்கவன் எலய எடுத்து வச்சிருக்க?" அக்கா வீட்டில் தனியாகப் பாட்டு விட்டாள். எனக்கும் எரிச்சல்தான். யாரோ ஒருவனுக்காக என் ஞாயிறெல்லாம் வெயிலில் வெந்தது.

பிறகு ஒரு ஞாயிறு காலை அந்த ஆள் வந்தார். அதே கடை, அதே இடது கை, அதே சாய்ந்த தோள். என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

"போய்ப் பேரக் கேளுங்க மாமா."

"வூட்ட வுட்டுப் போனவன்டா மச்சான். கேட்டா பஸ் ஏறிடுவான். மொதல்ல அந்தப் பொண்ணு பாக்கட்டும்."

எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தார். பொங்கும் பால், கிளாஸின் ஆவி, அந்த ஆளின் முகம், பின்சுவரில் தொங்கிய காலண்டர், எதுவும் எதையும் மறைக்காமல் அதனதன் இடத்தில் தெளிவாக விழுந்திருந்தது. மாமா எடுத்ததிலேயே அருமையான படம் அதுதான், சத்தியமாகச் சொல்கிறேன். அங்கேயே செல்லுக்கு மாற்றி வெண்மதிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, போன் வரும்வரை அங்குமிங்கும் நடந்தார். வந்ததும் ஸ்பீக்கரில் போட்டார்.

"ரொம்பத் தெளிவா இருக்குண்ணே. இது எங்கண்ணன் இல்ல."

மாமா எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த அந்த ஆளைப் பார்த்தார்.

"பழைய படத்தப் பெருசா ஃபிரேம் போட்டுக் குடுங்கண்ணே, அம்மாவுக்கு. இத ஃபேஸ்புக்ல கீது போட்டுறாதீங்க. அவுங்க பாத்துருவாங்க."

"சரிம்மா" என்றார் மாமா. நின்ற இடத்திலேயே கேமராவிலிருந்தும் செல்லிலிருந்தும் அந்தப் படத்தை அழித்தார். எதிரே அந்த ஆள் டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டு நடந்துபோனார்.