பேர் தெரியாதவனுக்குக் கடிதம் கிடையாது

வழியை மறித்து நிற்கும் லாரிக்காரனிடம் சுசீலாபாய் முதலில் கேட்பது, "ஒமக்குப் பேரு என்னவாக்கும்?" பெயர் தெரிந்த பிறகே சண்டை. பேர் தெரியாதவனை ஏசுவது பூட்டிய வீட்டில் பிச்சை கேட்பதுபோல என்பது அவள் கட்சி. திருவனந்தபுரத்து ஆரியசாலைச் சந்துக்குள் மிளகாய் மூட்டை ஏற்றிய பெட்டி ஆட்டோவைப் பின்பக்கமாகவே ஓட்டி வருவாள். அவள் ஹாரன் அடித்தால், பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கக் கொண்டுபோகிற தேங்காய் கையிலேயே விரிசல் விடும். நான் கண்ணால் பார்த்தது, நம்புகிறவர்கள் நம்பலாம்.

நாற்பதைத் தாண்டியவள். பாறசாலைப் பக்கத்துக்காரி. காக்கிச் சட்டை, தோளில் துவர்த்துத் துண்டு, பையில் ஹெவி லைசென்ஸ். அந்த லைசென்ஸைக் கேட்காதவர்களுக்கும் காட்டுவாள். கணவர் ஞானசிகாமணி அவள் வண்டியில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். கேட்டால் ஜெபம் என்பார்.

விழிஞ்ஞத்தில் துறைமுகம் வந்ததும், கண்டெய்னர் டிரெய்லர் ஓட்ட ஆள் தேவை என்று ஒரு யார்டு விளம்பரம் கொடுத்தது. இரண்டு முறை விண்ணப்பித்தாள். பதில் இல்லை. அவளுக்குப் பிறகு லைசென்ஸ் எடுத்த பையன்களெல்லாம் அங்கே ஓட்டுகிறார்கள். மூன்றாவது விண்ணப்பத்தை எழுதித் தரச்சொல்லி என்னிடம் வந்தாள். படித்த பழக்கத்தில், ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

"டீச்சரே, நிறுத்துங்க. ஆரு அந்த ஐயா?"

"யாராவது ஒரு ஐயா இருப்பார்டி."

"ஆராவதுக்கு எழுதித்தான் ரெண்டு மட்டம் குப்பைக்குப் போச்சு. பேரில்லாதவனுக்குப் பதில் சொல்லணும்னு என்னத்துக்குத் தோணும்? இருங்க, நான் பேரோட வாறேன்."

போய், யார்டு வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்தினாள். காவலாளி சுனில் கெஞ்சினான். "சேச்சி, மேனேஜருக்குன்னு எழுதினா மதி, அது போதும். பேரொண்ணும் வேண்டா."

"அவனைப் பெத்தவ மேனேஜர்னா பேரு வச்சா?"

பின்னால் டிரெய்லர்கள் வரிசைகட்டி நின்றன. வரிசை கோவளத்தைத் தொட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுனில் உள்ளே ஓடினான். ஆளெடுக்கும் ஹரிநாராயணன், பெண்களை எடுப்பது யார்டு பொறுப்பாளர் அபிலாஷின் முடிவு என்றாராம். அபிலாஷ், அதெல்லாம் அலுவலகத்து நீது மேடம் பார்க்கிற காரியம் என்றார். நீது மேடமோ, டிரைவர் என்றால் ஹரி சார்தான் என்று சொல்லிவிட்டாள்.

"மூணு பேரையும் எழுதுங்க டீச்சரே."

எழுதினேன். அதற்குக் கீழே, அவள் சொன்னபடியே ஒரு வரி: ‘உங்கள் மூவரில், ஒரு பெண்ணை டிரெய்லரில் ஏற்ற யாருக்குப் பயமில்லையோ அவருக்கு.’

"இப்படி எழுதினால் வேலை கிடைக்காதுடி."

"மரியாதையா எழுதினப்ப மட்டும் கெடச்சுதாக்கும்!"

ஆளுக்கொரு பிரதியாக அவளே கொண்டுபோய்க் கையில் கொடுத்தாள். பயந்தவர் என்ற பெயரை வாங்க மூவருக்குமே மனம் வரவில்லை போலிருக்கிறது. மறுவாரம், ஓட்டிக்காட்ட வரச்சொல்லி அழைப்பு வந்தது. வேடிக்கை பார்க்க நானும் பெட்டி ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன்.

மூவரும் வெயிலில் வந்து நின்றார்கள். டிரெய்லர் நம்ம வீட்டை இரண்டாக மடித்து உள்ளே வைக்கலாம் போல நீண்டு கிடந்தது. "சேச்சி, ரிவர்ஸ் எடுத்து அந்தக் கோட்டுக்குள்ள கொண்டு நிறுத்தணும். ஒரு சான்ஸுதான், கேட்டோ" என்று அபிலாஷ் சாவியை நீட்டினார். சுசீலாபாய் துவர்த்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினாள்.

"எங்கேயாவது இடிச்சா ஆரு பொறுப்பு?" என்று ஹரிநாராயணன் அபிலாஷைப் பார்த்தார். அபிலாஷ் நீதுவைப் பார்த்தார். நீது தன் செல்போனைப் பார்த்தாள்.

மேலே கேபினில் ‘கறக்’ என்று ஒரு சத்தம். ஆறடி ஆளுக்காகப் பின்னால் தள்ளிக் கிடந்த சீட்டை, சுசீலாபாய் தன் காலுக்கு எட்டும்படி முன்னால் இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள்.