நாட்டுக்கே ஒரே கார்

சங்கரன்கோவிலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கம் அண்ணாச்சி, எந்தப் பழைய காருக்கும் விளக்கையும் கைப்பிடியையும் பார்த்தே பெயர் சொல்லிவிடுவார். மறுத்துப் பேசினால் கடையை விட்டு இறங்கச் சொல்வார்.

போன மாதம் வாடிக்கையாளர் ராஜதுரை, தன் அப்பாவும் அம்மாவும் காரில் உட்கார்ந்திருக்கும் பழைய படத்தைக் கொண்டுவந்து, என்ன கார் என்று கேட்டார். அண்ணாச்சி நான்கு நாள் லென்ஸும் கையுமாக இருந்தார். விளக்கு மோரிஸ், பின்பக்கம் பிளிமவுத், கைப்பிடி ஃபியட்.

"நாட்டுக்கே இது ஒண்ணுதான் வே வந்திருக்கு!" என்று அறிவித்தார்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி ஞானசெல்வி எட்டிப் பார்த்தாள். "ஆடித்தபசு பொருட்காட்சி ஸ்டூடியோவுல வச்சிருந்த அட்டைக் காருல்லா இது! வண்டிக்கு அடியில நாலு காலு நிக்குது பாருங்க."

பார்த்தார். செருப்போடு நின்றன.

"அட்டைன்னா என்னட்டி? ஒண்ணுதான இருந்துச்சு?"