அம்மாவைத் தேடிய பகல்

அம்மா போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. வருகிறவர்களெல்லாம், குப்பம்மாளைப் போல உழைப்பாளி உண்டா என்கிறார்கள். நானும் இல்லையென்று சொல்லவில்லை. முப்பத்திரண்டு வயதில் தாலியறுத்து, திண்டிவனத்தைச் சுற்றிக் களையெடுத்தும் கடலைக்கொல்லையில் மல்லாட்டை பிடுங்கியும் என்னையும் தம்பி சேரனையும் ஆளாக்கினாள். ஆனால் அவளைப் போல வயிற்றில் புளியைக் கரைக்கிற பொம்பளையும் கிடையாது. அதை யாரும் சொல்வதில்லை.

போன வருஷம் என் மகள் கலைப்பிரியாவைப் பிரசவத்துக்கு விழுப்புரம் பக்கத்துப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். ஆயா எங்கே, ஆயா எங்கே என்று பாட்டியைக் கேட்டு ஒரே அழுகை. அம்மா விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஒரு மணி நேரப் பயணம்தான். பன்னிரண்டு மணியாகியும் ஆளைக் காணோம். போனோ வீட்டு அலமாரியில் அடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெண்களுக்கு இலவசம் என்றால் எங்கே போகிற பஸ் என்றுகூடக் கேட்காமல் ஏறிவிடுவாள். ஒருமுறை விழுப்புரத்தில் மாறி ஏறி வளவனூரில் போய் நின்றவள். சேரன் திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி டோல்கேட் வரை ஒவ்வொரு நிறுத்தமாகப் பைக்கில் தேடினான். லாரி ஏதாவது அடித்திருக்குமோ? சர்க்கரை வேறு, எங்கேயாவது மயங்கி விழுந்திருப்பாளோ? மகளிடம் ஆயா வந்துகொண்டே இருக்கிறது என்று பொய் சொன்னேன். பாழாய்ப்போன கிழவியை இன்றைக்கு மட்டும் கொண்டுவந்து சேர்த்துவிடு தாயே என்று வேண்டினேன்.

நான்கு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருந்து வாங்கக் கீழே ஓடினால், கேட்டுக்கு வெளியே மரத்தடியில் தூக்குச்சட்டியோடு அம்மா உட்கார்ந்திருக்கிறாள். காலை ஏழு மணியிலிருந்து அங்கேயேதான் இருக்கிறாளாம்.

செத்துவிட்டாய் என்றே நினைத்தேன் என்று கத்தினேன். நோயாளிக்கு ஒருத்தர்தான் துணை என்பது அங்கே சட்டம். தான் உள்ளே வந்தால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றாள். வாட்ச்மேனிடமாவது சொல்லி அனுப்பக்கூடாதா என்று கேட்டேன்.

"சொன்னா நீ என்னை உள்ள உட்டுட்டு இங்க வந்து நிப்ப. உன்னத் தெரியாதா எனக்கு? உம்பொண்ணுக்கு நீதான் தொணையா இருக்கணும். எம்பொண்ணுக்குத் தொணையா நான் இங்க இருந்துகினேன்."